ஜூலையில் வேண்டாம் மச்சான்

மச்சான்,

பாப்பாவுக்குக் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்துவிட்டதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா லிவர்மோர் கோவிலுக்குப் போய் அவள் பெயருக்கு அர்ச்சனையே செய்துவிட்டாள். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

சரி, கலிபோர்னியா பாலைவனத்தில் இருக்கும் டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு நாம் போகிற விஷயத்துக்கு வருவோம். ஜூலை முதல் வாரம் லீவு போடுகிறேன் என்கிறாய். வேலூர் கத்திரி வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் என்ன என்றும் கேட்கிறாய். மச்சான், வேலூரில் 43 டிகிரி போனால் பேப்பரில் செய்தி வரும். அந்தப் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் ஃபர்னஸ் க்ரீக்கில் ஜூலை மாதப் பகலின் சராசரி உச்சமே கிட்டத்தட்ட 47 டிகிரி செல்சியஸ். 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரிதான் இன்றைக்கும் உலகச் சாதனைக் கணக்கில் இருக்கிறது. அந்த எண்ணைச் சந்தேகிக்கிற நிபுணர்கள் உண்டு. ஏசி அறையில் உட்கார்ந்து தாராளமாகச் சந்தேகிக்கலாம். கோடையில் காலை பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் நடக்கவே நடக்காதீர்கள் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கும் டிம்பிஷா ஷோஷோனி மக்கள்கூட அந்தக் காலத்தில் கோடை வந்தால் பனமின்ட் மலைக்கு ஏறிவிடுவார்களாம். மண்ணின் மக்களே மூட்டை கட்டுகிற மாதத்தில் நமக்கு அங்கே என்ன வேலை?

பிப்ரவரி கடைசியில் போகலாம். பிரசிடென்ட்ஸ் டே விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு, அமாவாசையை ஒட்டி நாள் பார். அம்மா அஷ்டமி நவமி பார்ப்பாள், நாம் அமாவாசை பார்ப்போம். இருட்டுக்காகவே சான்றிதழ் வாங்கிய வானம் அது. நிலா இல்லாத ராத்திரியில் மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேட்டில் மல்லாந்து படுத்துக் கிடந்தால் போதும், தனியாக ஒரு நிகழ்ச்சி வேண்டாம்.

உன் பட்டியலில் பதினோரு இடம் இருக்கிறது. மூன்று நாளைக்கு அது காரிலேயே கழியும். 34 லட்சம் ஏக்கர் பூங்கா, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். என் யோசனை இது: இரண்டு பேரும் லாஸ் வேகஸில் இறங்கி, வழியில் பரம்ப் ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு (உள்ளே விலை கொள்ளை), போகிற வழியிலேயே டான்டேஸ் வியூவுக்கு ஏறிவிடலாம். 5,475 அடி உயரத்தில் நின்று கீழே பார்த்தால் பேட்வாட்டர் உப்புப் படுகை வெள்ளையாக விரிந்து கிடக்கும். அது கடல் மட்டத்துக்கும் 282 அடி கீழே. எதிரே டெலஸ்கோப் பீக், 11,049 அடி, அந்த மாதத்தில் பனியோடு நிற்கும். அந்தச் சிகரத்தை உன் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. போய் வர 14 மைல், மேலே பனி உறைந்திருக்கும், உன் முழங்காலும் இருக்கிறது.

நடப்பதற்கு கோல்டன் கேன்யன். விடியலில் ஸாப்ரிஸ்கி பாயின்ட்டில் வெளிச்சம் விழுவதைப் பார்த்துவிட்டு நேரே அங்கே போகலாம். கோவர் கல்ச் வழியாகச் சுற்றி வந்தால் நாலு மைலுக்குக் கொஞ்சம் மேலே. கால் மக்கர் செய்தால் சிவந்த பாறைச் சுவர் வரை போய்த் திரும்பிவிடலாம். மறுநாள் மொசைக் கேன்யன். வெள்ளநீர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய சலவைக்கல் சுவர்கள், கையால் தடவிக்கொண்டே நடக்கலாம். எனக்கு ஆசை அதில்தான்.

நகரும் கற்கள் உள்ள ரேஸ்ட்ராக் என்ற வறண்ட ஏரியைத்தான் நீ முதலில் போட்டிருக்கிறாய். மன்னித்துவிடு, அது வேண்டாம். யூபிஹீபி எரிமலை வாயைத் தாண்டி இருபத்தாறு மைலுக்கு மேல் கூரான கல் ரோடு. வாடகைக் காரை அதில் இறக்கினால் ஒப்பந்தம் போச்சு, டயரும் போச்சு. போனாலும் கல் நகர்வதைப் பார்க்க முடியாது, இழுபட்ட தடத்தைத்தான் பார்க்கலாம். நாம் ஹாஸ்டலில் பேய், காந்தம் என்றெல்லாம் கதை கட்டினோமே, அதற்கு 2014-ல் விடை வந்துவிட்டது. அரிதாகத் தேங்கும் மழைநீர் குளிர்கால ராத்திரியில் கண்ணாடி போல உறைகிறது. பகலில் அந்தப் பனித்தகடு உடைந்து, லேசான காற்றில் மிதந்து, கற்களைச் சேற்றில் மெல்லத் தள்ளிக்கொண்டு போகிறது. கற்களில் ஜிபிஎஸ் பொருத்தி விட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இன்னொன்று, திட்டத்தைக் கல்லில் செதுக்காதே. வருஷத்துக்கு இரண்டு அங்குலம்தான் மழை பெய்யும் இடம். 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டி, ரோடெல்லாம் அரித்து, பூங்காவையே இரண்டு மாதம் மூடினார்கள். பேட்வாட்டரில் ஏரி தேங்கி, அடுத்த பிப்ரவரியில் ஜனங்கள் படகு ஓட்டினார்கள்! கிளம்புவதற்கு முந்தின நாள் எந்த ரோடு திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வோம். உள்ளே பெரும்பாலான இடத்தில் போன் எடுக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள். தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் என் பொறுப்பு. புளியோதரை உன் வீட்டுக்காரி பொறுப்பு. சும்மா சொல்லவில்லை, அங்கே சாப்பாட்டுக் கடைகளை விரல்விட்டு எண்ணலாம், சைவத்துக்கு இன்னும் கஷ்டம்.

ஃபர்னஸ் க்ரீக்கில் அறை சீக்கிரம் போய்விடும். லீவை மாற்ற முடியுமா என்று இந்த வாரமே உன் மேனேஜரிடம் கேட்டுச் சொல், நான் பதிவு செய்துவிடுகிறேன். எலும்பு டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் ஒளிக்காமல் எழுது.

உன்
பழைய ரூம்மேட்