கேட்டுக்கு வெளியே நிற்க வைத்ததற்கு

தண்டையார்பேட்டை,
ஜனவரி 19

அன்புள்ள குமார்,

திண்டுக்கல்லில் இருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவனை கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நாலு வார்த்தை பேசி அனுப்பிவிட்டேன். ஒரு வாய் காபி கூடக் கொடுக்கவில்லை. நீ சிரித்துக்கொண்டேதான் போனாய். எட்டாம் வகுப்பில் உன்னை ஃபுட்பால் டீமில் சேர்க்காதபோது சிரித்தாயே, அதே சிரிப்பு. போனில் சொன்னால் பாதியிலேயே "விடுடா" என்று வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ இரண்டு தடவை இருமினாய். காரணம் அவ்வளவுதான்.

கிட்னி போய்விட்டது என்றால் கால் வீக்கம், மூச்சு வாங்கல், டயாலிசிஸ், இதுதான் உனக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்பு எனக்கும் அவ்வளவுதான் தெரியும். சர்க்கரை கிட்னியைத் தின்றுவிட்டது, சரி, அந்த வேலையை மிஷின் பார்த்துக்கொள்ளும், மற்றபடி பழைய உடம்புதானே என்று நினைத்திருந்தேன். நோயை எதிர்க்கிற சக்தியும் சேர்ந்தே இறங்கும் என்று அப்போதே யாராவது சொல்லியும் இருக்கலாம். என் காதில் விழவில்லை.

காதில் விழுந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டயாலிசிஸுக்காகக் கையில் இரண்டு ரத்தநாளங்களை இணைக்கிற ஃபிஸ்டுலா ஆபரேஷன் செய்தால் அந்த ரத்தநாளம் பருத்து ஊசி தாங்குகிற நிலைக்கு வர ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை கழுத்தில் ஒரு குழாய் போட்டு அதன் வழியாகத்தான் ரத்தத்தை எடுப்பார்கள். நாலாவது வாரம், மிஷின் ஓட ஆரம்பித்து இருபது நிமிஷம் இருக்கும், எனக்குக் குளிர் எடுத்தது. ஏசியைக் குறைக்கச் சொன்னேன். போர்வை கேட்டேன். அப்புறம் பல் கிட்டி, கட்டிலே ஆட ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் தங்கச்சி ஓடி வந்து தெர்மாமீட்டர் வைத்தால் வெறும் 99. எனக்கு நிம்மதி. காய்ச்சலே இல்லையே! அந்தப் பெண் மட்டும் நம்பவில்லை. "அண்ணே, உங்களுக்கெல்லாம் உடம்புச் சூடே கம்மியாத்தான் இருக்கும். 99ஐ நம்பக் கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். நம் எல்லோர் தோலிலும் சும்மா குடியிருக்கிற கிருமிதான், குழாய் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. குழாயைப் பிடுங்கி, வேறு பக்கம் போட்டு, பல நாள் ஆன்டிபயாடிக் ஏற்றித்தான் பிழைத்தேன். டயாலிசிஸ் ஆட்களைக் கொண்டுபோவதில் இதய நோய்க்கு அடுத்த இடம் தொற்றுக்குத்தான் என்று டாக்டர் அப்போதுதான் விளக்கிச் சொன்னார்.

வெள்ளை அணு எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். போகியன்று விடியற்காலையில், டயர் புகைக்கு நடுவே தெருமுனையில் நிற்கிற போலீஸ்காரரை நினைத்துக்கொள். ஆள் இருக்கிறார், லத்தி இருக்கிறது, கண்தான் தெரியவில்லை. ரத்தத்தில் தேங்குகிற கழிவு அப்படித்தான் செய்கிறதாம். வெள்ளை அணு கிருமியை விழுங்குவதும் கொல்வதும் மந்தமாகிவிடும். இதில் இன்னொரு கூத்து. அந்தக் கழிவே உடம்பு முழுக்க ஓயாமல் ஒரு அழற்சியை மூட்டிக்கொண்டிருக்கும். அதாவது அந்தப் போலீஸ்காரருக்குத் தினமும் பந்தோபஸ்து டியூட்டி, லீவே கிடையாது. திருடன் நிஜமாக வரும்போது அவர் நின்றுகொண்டே தூங்குகிறார்.

டயாலிசிஸ் செய்தால் புகை போய்விடாதா என்று கேட்பாய். கொஞ்சம் போகும். வாரத்தில் இருக்கிற 168 மணி நேரமும் வேலை செய்கிற உறுப்புக்குப் பதிலாக 12 மணி நேரம்தான் மிஷினில் படுக்கிறேன். யூரியா மாதிரி சின்னக் கழிவு எளிதாக வெளியேறும். பெரிய மூலக்கூறுகளும், புரதத்தோடு ஒட்டிக்கொண்டவையும் அவ்வளவு லேசில் போகாது. போதாததற்கு, வைட்டமின் டியை உடம்பு பயன்படுத்துகிற வடிவத்துக்கு மாற்றுவதும் கிட்னிதான். டிபி கிருமியைக் கொல்ல வெள்ளை அணுவுக்கு அந்த வைட்டமின் வேண்டும். கிட்னிக்கு இத்தனை வேலை என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்களா என்ன?

டிபி என்றதும் பக்கத்துக் கட்டில்காரர் ஞாபகம் வருகிறது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தவர், குரல் மட்டும் இன்னும் ஏலக் குரல்தான். அவருக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. இருமல் கிடையாது, சளி கிடையாது. தோலில் ஊசி போட்டுப் பார்க்கிற டிபி டெஸ்ட்டில் வீக்கமே வரவில்லை. அந்த ஊசிக்கு வீங்கிக் காட்டவே உடம்பில் எதிர்ப்பு வேண்டும், அதுதான் எங்களிடம் இல்லையே. கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்த பிறகுதான் டிபி என்று தெரிந்தது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், அதுவும் நுரையீரலை விட்டு வேறெங்காவது ஒளிந்துகொள்ளும். சர்க்காரில் இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பிட்டு இப்போது தேறிவிட்டார்.

தடுப்பூசிக் கதையையும் கேள். மஞ்சள்காமாலை பி ஊசி என் பையனுக்கு 20 மைக்ரோகிராம், மூன்று தடவை. எனக்கு 40, நாலு தடவை. ஒரே தெருவில் இரண்டு மடங்கு வாடகை! அவ்வளவும் போட்டுவிட்டு ஊசி பிடித்ததா என்று ரத்தத்தில் எதிர்ப்பு அளவு டெஸ்ட் எடுத்தால், குறைந்தது 10 இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 4. மறுபடி முதலில் இருந்து நாலு ஊசி. இரண்டாம் தடவை 38 வந்தது. அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினார்கள், சர்க்கரை இல்லாத கேசரி, அதைப் பற்றிப் பேச வேண்டாம். வருஷா வருஷம் பார்த்து, இறங்கினால் மறுபடி போட வேண்டும். கிட்னி முழுசாகக் கெடுவதற்கு முன்பே போட்டிருந்தால் இன்னும் நன்றாகப் பிடித்திருக்கும். உன் தம்பிக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுகிறது என்றாயே, கிட்னி மந்தமாவதைக் காட்டுகிற கழிவு அது, அவனிடம் இதைச் சொல்.

அவனுக்கு இன்னொன்றும் சொல். நான் முதல் வருஷம் எதிர்வீட்டு அம்மா பேச்சைக் கேட்டு முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சியாகக் குடித்து எலும்பும் தோலும் ஆனேன். டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதம் அளவோடு, தொடங்கிவிட்டால் கூடுதலாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டேன். சாப்பாடு இல்லாத உடம்பில் எதிர்ப்பு சக்தி எங்கே இருந்து வரும்? இப்போது தினமும் முட்டை வெள்ளைக்கரு, வாரம் இரண்டு நாள் சங்கரா மீன். கருவாட்டு வாசம் மட்டும் பக்கத்து வீட்டில் இருந்து இலவசமாக வருகிறது.

அதனால் நீ எப்போது வருகிறாய்? அங்கேயே ஃப்ளூ ஊசி ஒன்று போட்டுக்கொள், அது வேலை செய்ய இரண்டு வாரம் விடு. எனக்குப் போட்ட ஊசி அரைகுறையாகத்தான் காக்கும், சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொள்வது எனக்கு இன்னொரு பூட்டு. மிஷின் செவ்வாய், வியாழன், சனி. திங்கட்கிழமை வேண்டாம், இரண்டு நாள் தண்ணீர் ஏறி மூச்சு வாங்கும். வெள்ளிக்கிழமை வா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு என் இடது கையைத் தொட்டுப் பார். கொருக்குப்பேட்டைப் பட்டறையில் லேத் ஓடும்போது பெஞ்சில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியுமே, அப்படியே இருக்கும் ஃபிஸ்டுலா.

நீ கேட்டில் மாட்டிவிட்டுப் போன சிறுமலை வாழைப்பழம் எனக்கு ஆகாது, அதில் இருக்கிற பொட்டாசியத்தை என் கிட்னியால் வெளியேற்ற முடியாது. பேரப் பிள்ளைகள் இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள். நான் தோலை மோந்து பார்த்தேன். பையை மருமகள் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள், வந்து வாங்கிக்கொண்டு போ.

உன்,
மணி