பஞ்சர் ஒட்ட ஒரு மர நிழல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற டெல்டா ஊர்கள் சைக்கிளுக்கென்றே அமைந்தவை. ஏற்றம் இறக்கம் இல்லாத சமதளம். கார் நுழையத் திணறும் சந்துகள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் தருகிறது. இருந்தும் எத்தனையோ வண்டிகள் ஒரே பஞ்சரில் திண்ணையோரம் சாய்ந்துவிடுகின்றன.

பஞ்சர் ஒட்டக் கற்றுத்தர, ஞாயிறு காலைகளில் ஊர்ப் பூங்காவில் ஒரு மர நிழலை ஒதுக்கித் தந்தால் போதும். கைப்பம்பு, டயரைக் கழற்ற இரண்டு லீவர், ஒரு வாளித் தண்ணீர், உப்புத்தாள், சொல்யூஷன் என்னும் ஒட்டுப்பசை, பழைய டியூப் துண்டுகள்: இவ்வளவுதான் செலவு. ஒருவர் ஒட்ட, நான்கு பேர் பார்த்துக் கற்பார்கள்.

ஒட்டு பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். டியூபை நன்றாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே துண்டை வைத்து அழுத்த வேண்டும். டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்து முள்ளை எடுக்காவிட்டால் தெருமுனையிலேயே மறுபடி பஞ்சர். பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கினால் பெரும்பாலும் வால் டியூப், அதாவது வால்வின் மேல் மாட்டும் சிறு ரப்பர் குழாய், விரிசல் விட்டிருக்கும். மாற்ற ஒரு நிமிடம்.

ஐப்பசி மழையில் மட்கார்டுக்குள் அப்பும் வண்டல் சேற்றை அன்றன்றே குச்சியால் சுரண்ட வேண்டும். செயினைத் துடைத்த பிறகே எண்ணெய். சேற்றின்மேல் விட்டால் அது பல்சக்கரத்தை அரைக்கும் அரம்தான். இடது பெடலுக்குத் திருகு மரை எதிர்த்திசை என்பதையும் சொல்லித்தர வேண்டும். தெரியாமல் முறுக்கிக் கெடுத்த, பெடல் மாட்டும் கிராங்குகள் ஏராளம்.

பேருந்து நிலைய சைக்கிள் ஸ்டாண்டிலும் ஒரு பம்பைச் சங்கிலியிட்டு வைக்க மாநகராட்சியும் நகராட்சிகளும் முன்வருமா?

சைக்கிள் ஓட்டும் வாசகர்கள்,
கும்பகோணம்