குறுக்குப்பாதையும் கூரைமேல் ஓடும் பெண்ணும்

தலவாக்கலை,
ஆடி மாத ஞாயிறு, பின்னேரம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வட்ஸ்அப்பில் பதில் போட்டால் நீ கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடிவிடுவாய். அதனால் ஆறுதலாக உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. எங்கேயோ ஒரு சவுக்கு மரம் கம்பி மேல் சாய்ந்திருக்கும். லெப்டொப்பில் சார்ஜ் இருக்கும் வரை எழுதுகிறேன். பாதியில் நின்றால் மழையைத் திட்டு.

இங்கே எல்லோரும் சுகம். மகள் இரண்டாம் ஆண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. சேமலாபப் பணம் எடுத்து வீட்டில் இருக்கச் சொன்னாலும் கேட்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விடுகிறார். "வீட்டுல குந்திக்கிட்டு இருந்தா கால் இன்னும் புடிக்கும்" என்பது அவருடைய வைத்தியம். உங்கள் பழைய குவாட்டர்ஸ் காலியாகக் கிடக்கிறது. கூரைத் தகரத்தில் பாதியைக் காணோம். கொய்யா மரம் மட்டும் அப்படியே நிற்கிறது. நாம் திருடியது மாதிரியே இப்போதும் திருடுகிறார்கள். போன வாரம் என் வகுப்புப் பையன் ஒருவனே கிளையில் இருந்தபடி எனக்குக் குட் மோர்னிங் சொன்னான்.

ஒரு கெட்ட செய்தி. நம் குறுக்குப்பாதை போய்விட்டது. போன வருஷ அடைமழையில் பன்னிரண்டாம் நம்பர் மலையின் கீழ்ப்பக்கம் சரிந்து, ஓடை வரைக்கும் இறங்கிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து தண்ணீர்க் கான் ஓரமாக இறங்கி, மரப்பாலம் தாண்டி, ரயில் பாதைக்கு ஏறுகிற அந்த வழி இப்போது செம்மண் சரிவு. பிள்ளைகள் எல்லோரும் தார் ரோட்டைச் சுற்றித்தான் பள்ளிக்கூடம் வருகிறார்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கூரைக்குக் கூரை தாவி ஓடுகிற அந்த மிரர்ஸ் எட்ஜ் கேமுக்கு மூன்றாம் பாகம் வந்தே ஆக வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நாற்பதை நெருங்குகிற மனுசன், டோஹாவில் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ராத்திரி ஒரு மணிக்கு இதை எழுதியிருக்கிறாய் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. பிறகு நானும் அதையே யோசித்துக்கொண்டு படுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் கணக்கைச் சரி பார்ப்போம். மூன்றாம் பாகம் என்கிறாய். இரண்டாம் பாகமே வரவில்லையே, மச்சான். 2008இல் வந்த முதல் கேமில் கதாநாயகி ஃபெய்த், கேட் என்ற தன் சகோதரியைக் காப்பாற்றி, இருவரும் அந்த உயரமான கட்டடத்தின் உச்சியில் நிற்பதோடு கதை நின்றது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. 2016இல் வந்த கேட்டலிஸ்ட் என்ற அடுத்த கேம் அந்தக் கதையை அழித்துவிட்டு, ஃபெய்த் சிறையிலிருந்து வெளியே வருவதிலிருந்து புதிதாகத் தொடங்கியது. முதல் கேமில் பொலிஸாக இருந்த சகோதரி, இதில் செத்துப்போனதாக நம்பப்பட்டு, கடைசியில் எதிரியின் வீட்டுப் பிள்ளையாக வந்து நிற்கிறாள். கண்ணோரத்தில் குத்திய பச்சை அதே பச்சை, கதை வேறு கதை. ஆக நீ கேட்பது மூன்றாவதையா, இல்லை இத்தனை வருஷமாகப் பாக்கி நிற்கிற இரண்டாவதையா? இரண்டாவது என்றால் நான் உன் பக்கம் சாய இடமிருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, 2009இல் உங்கள் வீட்டில் அதை முதன்முதலாக ஓட விட்டது? ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. டவுனில் வாங்கிய கொப்பி டிவிடி. உங்கள் அப்பா ஒஃபிசிலிருந்து வருவதற்குள் மூடிவிட வேண்டும். ஹெலிகொப்டர் சுட்டுக் கண்ணாடிகள் நொறுங்குகிற இடம் வந்ததும் கொம்பியூட்டர் அப்படியே உறைந்துவிடும். ஒவ்வொரு சில்லாகப் பார்த்து எண்ணலாம். நாம் வைரஸ் என்று நினைத்து இரண்டு தரம் விண்டோஸ் போட்டோம். பல வருஷம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. கண்ணாடிச் சில்லு, துணி எல்லாம் உடைந்து பறப்பதைக் கணக்குப் போடுவது ஃபிசிக்ஸ்எக்ஸ் என்ற ஒரு அம்சம். என்விடியா கார்ட் இல்லாவிட்டால் அந்தச் சுமை முழுக்க சாதாரண புரோசசர் தலையில் விழும். செட்டிங்கில் போய் அதை அணைத்திருந்தால் போதும். நாம் ஒரு மாதம் அந்தக் கண்ணாடி முன்னால் தவம் கிடந்தோம்.

எனக்கு அந்த கேம் அப்போது பிடிக்கவில்லை. நீ அதற்காகவே என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாய். தலை சுற்றியது என்பது ஒரு காரணம். பாத்திரத்தின் கண் வழியாகவே பார்த்து, குதித்து, உருண்டு எழும்பும்போது வயிறும் கூடவே உருண்டது. திரையின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி இருக்குமே, அது குறி பார்க்க வைத்தது என்று நான் நினைத்திருந்தேன். அது தலைசுற்றலுக்கு மருந்தாக வைத்த புள்ளியாம். கண் ஒன்றைப் பற்றிக்கொண்டால் வயிறு அடங்கும். நுவரெலியா பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த எனக்கு அம்மா சொன்னதும் அதுதான்: "பக்கத்துல பாக்காத, தூரத்து மலையப் பாரு." சுவீடனில் உட்கார்ந்து கேம் செய்கிற டைஸ் நிறுவனத்துக்காரரும் எங்கள் அம்மாவும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

விழுந்து விழுந்து சாவதற்கு ஒரு கேமா என்பது இரண்டாவது காரணம். ஒரு தாண்டலுக்கு இருபது தரம் விழ வேண்டும். உலகமும் அன்றைக்கு நம் இரண்டு பேரைப் போலத்தான் பிரிந்து நின்றது. புதுமை என்று ஒரு பக்கம் கொண்டாடியது. ஆறு மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது, துவக்குச் சண்டை ஒட்டவில்லை, இடையில் வரும் கார்ட்டூன் காட்சிகள் மலிவாக இருக்கின்றன என்று மறுபக்கம் முறைப்பட்டது. நல்ல பெயர் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. வெளியிட்ட இ.ஏ. நிறுவனம் அடுத்ததை எடுக்க எட்டு வருஷம் எடுத்தது.

போன தவணை விடுமுறையில் அக்கா மகன் அதைத் தன் லெப்டொப்பில் போட்டிருந்தான். பதினான்கு வயது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைக் கட்டடங்கள், நீல வானம், போக வேண்டிய வழியை மட்டும் காட்டும் சிவப்பு. அந்த நகரத்துக் கூரைகளில் பச்சை நிறம் அரிது. நமக்கு நேர்மாறு. இங்கே பச்சையைத் தவிர வேறொன்றும் இல்லை, வெள்ளை என்றால் மூடுபனி. பையன் ஒரே இடத்தில் முப்பது தரம் விழுந்தான், விழுந்து சிரித்தான், முப்பத்தோராவது தரம் சுவரில் ஓடி, திரும்பி, குழாயைப் பிடித்தான். பின்னால் பிளேன்டியோடு நின்ற அம்மா கேட்டார்: "இந்தப் புள்ள எதுக்குடா இப்படி ஓடுது?" யாரும் ஒட்டுக்கேட்காமல் கடிதங்களைக் கையில் கொண்டு போய்ச் சேர்க்கிற வேலை என்றேன். "ஓ, தப்பால்காரப் புள்ளையா" என்றார்.

மச்சான், இத்தனை வருஷம் எனக்கு அது தோன்றவில்லை பார். எங்கள் தாத்தா தோட்டத்துத் தப்பால்காரர். ஒஃபிசிலிருந்து உன் அப்பாவுக்கு முன்னிருந்த கிளாக்கர் கட்டிக் கொடுக்கிற பையைத் தூக்கிக்கொண்டு, வெயிலோ மழையோ, டவுனுக்கு நடந்தவர். அந்தக் குறுக்குப்பாதையே அவர் கால் போட்ட பாதை என்று அம்மா சொல்வார். எந்தக் கல்லில் கால் வைத்தால் ஆடும், எந்த இடத்தில் கானைத் தாண்டினால் அட்டை குறைவு என்பதெல்லாம் அவர் நடந்து நடந்து தீர்மானித்தது. நாம் அதில் உன் கெஸியோ மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். ரோட்டால் நாற்பது நிமிஷம், பாதையால் பதினேழு. பதினேழைப் பதினாறாக்க ஒரு தவணை முழுக்க விழுந்து எழும்பினோமே, அப்போது நான் ஒரு நாளும் அலுத்துக்கொள்ளவில்லை. அதே வேலையைத் திரையில் செய்யச் சொன்னபோதுதான் சலித்தது.

முதல் கேமின் ருசி அங்கேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு இடைவெளியும் ஒருவர் அளந்து வைத்தது. ஓடிவந்தால் கை எட்டும், தயங்கினால் எட்டாது. வழி ஒன்றோ இரண்டோதான். ஆகவே கால் அதை மனப்பாடம் செய்கிறது. கதையை முடித்த பிறகு, நேரத்தோடு போட்டி போட்டு ஓடுகிற டைம் ட்ரையலில் ஒரு விநாடியைக் குறைக்க ராத்திரி முழுக்க இருக்கலாம். நீ அப்படித்தான் இருந்தாய், பௌதிகவியலில் வெறும் எஸ் பாஸ் எடுத்தாய்.

இப்போது கேட்டலிஸ்டைப் பார். முதலாவதில் யார் யார் என்ன குறை சொன்னார்களோ அத்தனையும் திருத்தியிருக்கிறார்கள். துவக்கு ஒட்டவில்லை என்றார்கள். ஃபெய்த் துவக்கையே தொடுவதில்லை. குட்டி கேம் என்றார்கள்; முழு நகரத்தையும் திறந்து விட்டார்கள். வழி ஒன்றுதான் என்றார்கள். எங்கிருந்தும் எங்கும் போகலாம். ஓடிக்கொண்டே இருந்தால் தோட்டா படாது என்று வைத்தது நல்ல யோசனை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு நாள் விளையாடியும் எனக்கு ஒரு வழியும் மனதில் நிற்கவில்லை. வரைபடம் முழுக்கப் புள்ளிகள், இங்கே ஒன்றைப் பொறுக்கு, அங்கே ஒன்றைக் கொடு. முதல் கேமில் பிறவியிலேயே தெரிந்திருந்த சட்டென்று திரும்புவதையும் காலை மடக்கித் தாண்டுவதையும் இதில் புள்ளி சேர்த்து வாங்க வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளையைத் திரும்பத் தவழச் சொன்ன மாதிரி. விளையாடுபவர்களே ஓட்டப்பாதை அமைத்து மற்றவர்களுக்குச் சவால் விடுகிற வசதி ஒன்று இருந்தது. அதில்தான் பழைய ருசி கொஞ்சம் மிஞ்சியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 2023 டிசம்பரில் சேர்வரை நிறுத்தியதோடு அதுவும் போனது.

குறைகளை எல்லாம் திருத்திய பிறகு கேம் வெறுமையாகிவிட்டது என்றால், நாங்கள் சொன்ன குறைகள்தான் பிழை. 'நாங்கள்' என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ இப்போது கேட்கிற பட்டியலைப் பார்: இன்னும் பெரிய நகரம், நண்பர்களோடு சேர்ந்து ஓடுவது, இரவு பகல், கிளைக்கதைகள். இன்னொரு கேட்டலிஸ்டைத்தான் நீ கேட்கிறாய். மூன்றாவது வர வேண்டுமென்றால் அது ஆறு மணித்தியாலத்தில் முடிய வேண்டும். நான்கைந்து நீளமான வழிகள், வரைபடம் கிடையாது. நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும்.

வருமா என்றால், வராது என்றே நினைக்கிறேன். டைஸ், பெட்டில்ஃபீல்ட் என்ற போர் கேமைச் செய்கிற பெரிய வீடு. அவ்வளவு பெரிய வீட்டில் சின்னச் சட்டியில் சமைக்க மாட்டார்கள். ஆறு மணித்தியால ஓட்டத்துக்கு யார் காசு போடுவார்? நீ கேட்கிற சாமானெல்லாம் வேறு கடைகளில் இருக்கிறது. போலந்துக்காரர் செய்த டையிங் லைட் 2015லேயே வந்துவிட்டது: அதே கண் வழி ஓட்டம், கூரை தாண்டல், நண்பர்களோடு சேர்ந்து ஓடலாம், கீழே சோம்பிகள் என்கிற நடமாடும் பிணங்கள். உனக்கு ஓட்டம் வேண்டுமென்றால் அது போதும். உனக்கு வேண்டியது ஃபெய்த் என்றால், இல்லை 2009இன் அந்தப் பின்னேரங்கள் என்றால், அதை இ.ஏ.யிடம் கேட்டுப் பயனில்லை. கோபித்துக்கொள்ளாதே, எனக்கும் அதே வியாதிதான்.

பட்டரி பத்து வீதம் காட்டுகிறது. டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய், டிக்கெட் போட்டாயா? உங்கள் அம்மா அப்பாவைக் கண்டியில் பார்த்துவிட்டு இரண்டு நாளாவது இங்கே நில். சரிவுக்கு மேலால் புதிதாக ஒரு தடம் விழத் தொடங்கியிருக்கிறது. பெரிய பையன்கள் சிலர் கான் ஓரமாக வந்து ரயில் பாதையில் ஏறுகிறார்கள். வாத்தியார் என்ற முறையில் திட்டி வைத்திருக்கிறேன், மழை விட்டதும் ஒரு தரம் இறங்கிப் பார்க்கிற எண்ணமும் இருக்கிறது. அந்தக் கெஸியோ இன்னும் ஓடினால் எடுத்து வா.

அம்மா கேட்டது: கோடாலித் தைலம், பெரிய போத்தல், இரண்டு.

அன்புடன்,
உன் லயத்து மச்சான்