41 வாக்குகளும் ஓர் ஆசனமும்

திருகோணமலை,
11.05.2025

அன்புள்ள ராணி,

தைப்பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாததற்கு நீ என்னைத் திட்டி முடித்திருப்பாய். முடிக்காவிட்டால் மீதியை இக்கடிதத்தை வாசித்த பிறகு சேர்த்துத் திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம். இவருக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனாலும் நாளை வெசாக் தானசாலையில் ஐஸ்கிறீம் கொடுப்பார்களா என்று விசாரித்துக்கொண்டு திரிகிறார். விடயத்துக்கு வருகிறேன்: நான் உள்ளூராட்சித் தேர்தலில் என் வட்டாரத்தில் தோற்றுவிட்டேன். 41 வாக்குகளால்.

2023இல் நான் கேட்ட தேர்தல் நடக்கவே இல்லை என்று சொல்லி நீ இன்றுவரை சிரிக்கிறாய். மார்ச் 9 என்று நாள் குறித்துவிட்டு, பணமில்லை என்று கைவிட்ட அந்தத் தேர்தலுக்காக நாங்கள் அச்சடித்த துண்டுப்பிரசுரங்கள், அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலும் எங்கள் அலுமாரித் தட்டுகளில் விரிப்பாகத்தான் கிடந்தன. எனக்குப் போனது காகிதம் மட்டும். எங்கள் சுயேச்சைக் குழுவில் அரச வேலையில் இருந்த தம்பி, வேட்பாளர் என்பதனால் சம்பளமில்லாத விடுப்பில் மாதக்கணக்காக வீட்டில் இருந்தான். அவனுடைய தாய் இன்னும் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. இம்முறை பழைய வேட்புமனுக்கள் எல்லாம் இரத்தாகி, புதிதாக மனுக் கொடுத்து, ஆளுக்கு 5,000 ரூபாய் கட்டுப்பணமும் கட்டினோம். சின்னமும் மாறிவிட்டதால் அலுமாரி விரிப்பை எடுத்து விநியோகிக்கவும் வழியில்லாமற் போயிற்று.

கட்டுப்பணம் கட்டப் போன அன்று நகரத்துக்குள் ஒரு கலைமான் வீதியோரக் குப்பையில் தலையை விட்டு, கொம்பில் ஒரு பையும் வாயில் சோற்றுப் பார்சலின் பொலித்தீனுமாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கோட்டை வாசலில் நீயும் நானும் பாணைப் பிய்த்துக் கொடுத்த மான்களின் பேரப்பிள்ளையாக இருக்கும். அது பொலித்தீனை மென்று விழுங்கி முடிக்கும்வரை நின்று பார்த்தேன். குப்பை அள்ளுவது உள்ளூராட்சி சபையின் வேலை, வேறு எவருடையதும் அல்ல என்ற ஒரே எண்ணத்தோடுதான் பிறகு கையெழுத்து வைத்தேன்.

ஆனால், ராணி, வாசல் வாசலாகப் போனபோது அந்தத் தெளிவு எனக்கு உதவவில்லை. சனம் கேட்பது தண்ணீர். அது நீர் வழங்கல் சபைக்குரியது. சனம் கேட்பது காணி உறுதி. அது பிரதேச செயலகத்தின் விடயம். நிலாவெளி வீதியில் கிடங்கு என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதி. ஒழுங்கை, வடிகான், தெருவிளக்கு, குப்பை, சந்தை, வாசிகசாலை, சுடலை, இவைதாம் எங்களுடையவை என்று நான் பழைய ரீச்சர் புத்தியோடு விளக்க, உப்புவெளிப் பக்கத்தில் ஓர் ஆச்சி பாக்குவெட்டியை மடியில் வைத்துவிட்டு, "ஏலாது எண்டு சொல்லவே பிள்ளை இவ்வளவு தூரம் வெயிலுக்குள்ள நடந்து வந்தனீ?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் வந்த கட்சிக்காரர் எல்லாம் முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆச்சியின் வாக்கு எங்கே போயிருக்கும் என்பதை நீயே கணக்குப் பார்.

இன்னொரு தொல்லை இலக்கம். பாராளுமன்றத் தேர்தலில் விருப்பு வாக்குப் போட்டுப் பழகிய சனம், "உங்கட இலக்கம் என்ன?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டது. வாக்குச்சீட்டில் என் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை, குழுவின் சின்னத்துக்கு நேரே ஒரேயொரு புள்ளடி போட்டால் அது நான் நிற்கும் வட்டாரத்துக்கும், சபை முழுவதற்குமான குழுவின் பட்டியலுக்கும் சேர்த்தே எண்ணப்படும் என்று சொன்னால், ஏதோ மறைக்கிறேன் என்பதுபோலப் பார்த்தார்கள். நான் உண்மையில் வென்ற இடம் எங்கள் ஒழுங்கை முடிவிலுள்ள மதகு. மாரியில் ஐந்து வீட்டுக்குள் வெள்ளம் ஏறுவதற்குக் காரணம் அதுதான் என்று நெடுநாளாகச் சொல்லிவந்தேன். ஏப்ரலில் இரண்டு பெடியள் அலவாங்கால் மூடிக்கல்லை நெம்பித் தூக்கியபோது, கோம்பைகளும் பொலித்தீனும் இறுகிப் பாறையாகி, அதற்குள் ஒரு பிள்ளையின் சப்பாத்தும் அகப்பட்டிருந்தது. அந்த ஐந்து வீட்டு வாக்கும் எனக்குத்தான், சத்தியம் பண்ணுவேன்.

இப்போது என் நித்திரையைக் கெடுக்கும் விடயத்தைச் சொல்கிறேன். வட்டாரம் எதையும் எங்கள் குழு வெல்லவில்லை. ஆனாலும் எல்லா வட்டாரங்களிலும் சேர்த்துக் கிடைத்த வாக்குகளால் பட்டியலில் ஓர் ஆசனம் வந்திருக்கிறது. சபையில் நான்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னாலும், இருபது வீதத்துக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த உறுப்பினரும் பெற்ற குழுவை அது கட்டாயப்படுத்தாது. ஆகவே யாரை அனுப்புவது என்பது முழுக்க எங்கள் கையில். எங்கள் குழுவிலுள்ள மாஸ்டரின் யோசனை என்னவென்றால், நான்கு வருடத்தை நான்கு பேர் பங்கிட்டுக்கொள்வது. முதலாம் வருடம் அவர், மூன்றாவது நான். ஒருவர் விலக மற்றவர் போவார், எவருக்கும் மனத்தாங்கல் வராது என்கிறார்.

அது என்ன, பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவா, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பம் உபயம் எடுக்க? சபை ஜூன் 2ஆம் திகதி தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டம் வருட முடிவில் வரும். மூன்றாம் வருடம் ஜூனில் நான் போய் உட்கார்ந்தால், ஒரேயொரு வரவுசெலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்திவிட்டு, அதில் அந்த மதகுக்கு ஒதுக்கிய பணம் வேலையாக மாறுமுன்னரே எழும்பி வர வேண்டும். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று அறியவே ஒரு வருடம் போகும். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக அறிமுகமாகிக் கொண்டிருப்போம். வடிகான் தன்பாட்டில் அடைத்துக்கொண்டிருக்கும்.

இதைச் சொன்னால் பதவி ஆசை என்பார்கள். கொஞ்சம் ஆசை இருக்கிறதுதான், உன்னிடம் ஏன் ஒளிப்பான்? 41 வாக்கு என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆனால் நன்றாக யோசித்துவிட்டேன்: 20ஆம் திகதி செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், யாரோ ஒருவர் நான்கு வருடமும் இருக்கட்டும், அது நானாக இல்லாவிட்டாலும் சரி என்று சொல்லப் போகிறேன். மாஸ்டர் முழுவதும் தானே இருக்க விரும்பினால், குப்பை உழவு இயந்திரம் எங்கள் ஒழுங்கைக்கு எந்தக் கிழமையில் வரும் என்பதை எழுதித் தரட்டும், நான் அவருக்குப் பின்னால் கொப்பியோடு நடக்கிறேன். பங்கு மட்டும் எனக்கு வேண்டாம். இதில் நான் பிடிவாதம் பிடிக்கிறேனா, புளியமரத்தடியில் அன்று பிடித்த மாதிரி? செவ்வாய்க்கு முன் தொலைபேசி எடு. கடிதம் மட்டக்களப்பிலிருந்து வந்துசேர நாளாகும்.

இன்னொன்று. வென்றாலும் தோற்றாலும், முடிவு வெளியாகி 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். பிளேன்ரீ, துண்டுப்பிரசுரம், ஓட்டோ எல்லாம் எழுதிவிட்டேன். மாசியில் நீ வந்தபோது தேயிலைப் பேணிக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் போன 3,000 ரூபாயை நன்கொடை என்று போடவா, கடன் என்று போடவா?

அன்புடன்,
உன் ரீச்சர்