கதவடியில் கிடக்கும் ஆணி

அன்பு மகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். ஜூலை விடுமுறைக்கு நீயும் பேரனும் வருகிறீர்கள். கோலாலம்பூரிலிருந்து கோலாலிப்பிஸ் வரை காரிலேயே வாருங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. மறுநாள் காலையில் டாபோங் வரை ரயிலில் போகலாம் என்றதும்தான் நீ சிரித்தாய். கார் இருக்கும்போது அந்த ஆமை வண்டி எதற்கு என்றாய்.

ஆமைதான், ஒப்புக்கொள்கிறேன். கெமாஸிலிருந்து தும்பாட் வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் அதைக் காட்டு ரயில் என்கிறார்கள். வேலை செய்த எங்களுக்கு அது வெறும் 'லைன்'. நெடுஞ்சாலை வரும்வரை குவா மூசாங்கில் ஒரு மூட்டை அரிசி இறங்கவேண்டுமானாலும் லைன்தான் கதி.

காலையில் நீள் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேராக நடப்போம். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கட்டையில் இறங்கிய ஆணியைத் தட்டிப் பார்க்கவேண்டும். இறுகியிருந்தால் சத்தம் கணீரென்று கேட்கும். தளர்ந்திருந்தால் மண்சட்டியைத் தட்டியது போல இருக்கும். இன்றைக்கும் யாராவது எதையாவது தட்டினால் என் காது அதைத்தான் தேடுகிறது, உன் அம்மாவுக்கு அது பெரிய வேடிக்கை. மேராப்போ பக்கம் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தால் அன்றைக்கு அதற்குமேல் நடக்கமாட்டோம். ஆபீசில் மழை என்று சொல்லிவிடுவோம். அந்தக் காட்டில் மழை என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டு வாசற்கதவுக்கு அண்டை கொடுத்திருக்கும் துருப்பிடித்த இரும்பு உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் அதில் கால் இடித்துக்கொண்டு எத்தனை முறை அழுதிருக்கிறாய்! போன முறை வந்தபோது குப்பையில் போடப் போனாய், நான் பிடுங்கிவைத்தேன். அது தண்டவாள ஆணி. உன் தாத்தா கொண்டுவந்தது.

இந்தப் பாதையை 1910-இல் கெமாஸ் பக்கம் திறந்து, காட்டை வெட்டி வெட்டி 1931-இல்தான் முழுதாக இணைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஓடவில்லை, ஜப்பான்காரன் வந்துவிட்டான். மெந்தகாப்புக்கு வடக்கே தண்டவாளத்தைக் கழற்றி, சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போடுகிற ரயில் பாதைக்கு ஏற்றி அனுப்பினான். அதே வேலைக்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆளையும் ஏற்றினான். உன் தாத்தாவுக்கு அப்போது பதினெட்டு. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி, காற்று வராத சரக்குப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோனார்கள். தண்டவாளமும் அவரும் ஒரே காட்டுக்குப் போனதாகத்தான் அவர் சொல்வார். நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் வாந்திபேதியிலும் பசியிலும் அங்கேயே மடிந்தார்கள். அவர் திரும்பி வந்தார், தண்டவாளம் வரவில்லை.

வந்தவர் தோட்டத்துக்குப் போகவில்லை. கழற்றிய இடத்தில் திரும்பப் பாதை போடும் வேலைக்குச் சேர்ந்தார். ஏன் அதே வேலை என்று ஒருநாள் கேட்டேன். "வேறு எந்த வேலை எனக்குத் தெரியும்?" என்றார். அவ்வளவுதான், பெரிய பேச்சு பேசுகிறவர் இல்லை. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் நடந்த வருஷங்கள் அவை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரயிலுக்கு முன்னால் கவச வண்டி. பாதை முழுதாகத் திரும்பி ஓட 1950-கள் ஆகிவிட்டன. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது மீந்த ஆணி ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாராம். அரசாங்கச் சொத்து, திருட்டுதான். அவர் செய்ததாக எனக்குத் தெரிந்த ஒரே திருட்டு அதுதான்.

2014 டிசம்பர் வெள்ளம் கெமுபு பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். டிவியில் அந்தப் படத்தைப் பார்த்து அன்றிரவு சாப்பிடவில்லை. உன் அம்மா திட்டினாள். புதுப் பாலம் எழும்பச் சில வருஷங்கள் பிடித்தன. இப்போது கடற்கரைப் பக்கம் கோத்தா பாருவிலிருந்து புதிய மின்சார ரயில் பாதை போடுகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அது டாபோங்குக்கு வராது. கூடையில் கீரையும் பெத்தாய்க் காயும் வைத்துக்கொண்டு ஏறுகிற கிராமத்துக் கிழவிகளை அது ஏற்றப்போவதில்லை.

பையனை ஜன்னலோரம் உட்காரவைப்பேன். குவா மூசாங்கில் சுண்ணாம்புக் குன்று ஸ்டேஷன் கூரைமேல் சாய்ந்தாற்போல் நிற்கும், அதைக் காட்டவேண்டும். சயாம் கதையை அவனுக்கு எவ்வளவு சொல்வது என்று நீதான் தீர்மானிக்கவேண்டும், வயது எட்டுதானே. கொள்ளுத்தாத்தா பெயரையாவது முதலில் சொல்லிக்கொடு, போன முறை கேட்டதற்கு முழித்தான்.

அவனுக்கு ஒரு மெல்லிய சட்டை எடுத்துவா, பெட்டிக்குள் ஏசி குளிர் அதிகம். துரியான் காலம், வண்டியில் கொண்டுபோக விடமாட்டார்கள், வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். வாசலில் நுழையும்போது காலைப் பார்த்து வை. ஆணி அங்கேதான் கிடக்கிறது.

அப்பா