மூடியின் நிறம்

வெள்ளவத்தை,
ஜூன் 8

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் முழுக்கச் சாப்பாட்டையும் குளிரையும் பற்றியே கதைத்தாய். வைக்கப்போகும்போதுதான், "அம்மா, ஆறு மாத ரிசல்ட் பிழைச்சுப் போச்சு. புரொபெசருக்கு இன்னும் சொல்லேல்லை" என்றாய். எனக்கு இரவு நித்திரை வரவில்லை. திருப்பி எடுத்தால் நீ அழுவாய், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு விளங்கியது இவ்வளவு. எலியின் கணையக் கட்டியிலிருந்து வந்த மின்-6 (MIN6) செல்கள், குளுக்கோசைக் கூட்டினால் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வேண்டியவை. ஒவ்வொரு முறை பிரித்து வளர்ப்பதும் ஒரு பாசேஜ்; பாசேஜ் ஏற ஏற, அந்தக் குணம் மங்கிவிடும். நீ மருந்து போட்டவை பிந்திய பாசேஜ், போடாதவை முந்திய பாசேஜ். சுரப்பு குறைந்ததை மருந்தின் வேலை என்று எழுதிவிட்டாய். மைக்ரோஸ்கோப்பில் செல் நல்லாத்தானே இருந்தது என்று கேட்டாய்.

பிள்ளை, நான் லாப்பில் சேர்ந்து இரண்டாம் வருடம், ஒரு ஐயாவின் இரத்தத்தை ஃபுளோரைட் குழாயில் எடுக்காமல் வெறும் குழாயில் எடுத்துவிட்டேன். வெளியே வந்த பிறகும் இரத்தச் செல்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டேயிருக்கும். மணிக்கு 5 முதல் 7 வீதம் குறையும். அதை அடக்கத்தான் ஃபுளோரைட். அந்தக் குழாய் இந்தக் கொழும்பு வெக்கையில் நாலு மணித்தியாலம் மேசையில் கிடந்தது. பார்த்தால் இரத்தம் இரத்தமாகத்தான் இருந்தது. சீனி நல்ல கட்டுப்பாட்டில் என்று ரிப்போர்ட் போனது. டொக்டர் குளிசையைப் பாதியாக்கினார். பின்னேரம் குழாய்களை ஒதுக்கும்போது மூடியைக் கண்டேன். ஃபுளோரைட் குழாயின் சாம்பல் மூடி இல்லை, சிவப்பு.

ஒரு இரவும் ஒரு பகலும் வாய் திறக்கவில்லை. பிறகுதான் டொக்டரிடம் போனேன். நன்றாக ஏசினார். ஐயாவைக் கூப்பிட்டு மறுபடி எடுத்தோம், சீனி 210. குழாய் மாறியதை எப்போதோ மன்னித்துவிட்டேன். சொல்லாமல் இருந்த அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

நீ இருக்கிற ரொறன்ரோவில்தான் 1922 ஜனவரி 11 இல் 14 வயது லியோனார்ட் தொம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு சுத்தமில்லை, ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. நிறுத்தினார்கள். கொலிப் என்ற உயிர் இரசாயனவியலாளர் சுத்தப்படுத்தித் தந்ததை 23ஆம் திகதி போட்டபோது சீனி இறங்கியது. பையன் பிறகு 13 வருடம் இருந்தான். முதல் ஊசி பலித்தது என்று யாராவது பூசி மெழுகியிருந்தால் அவன் கதி என்ன?

2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் அம்மம்மாவின் இன்சுலினை ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள் வைத்தோம். நீதான் தண்ணீர் தெளித்தாய். கெட்ட இன்சுலினும் தெளிவாகவே தெரியும் என்று சொல்லி, ஒவ்வொரு நாளும் அம்மம்மாவின் விரலைக் குத்திப் பார்க்க வைத்ததும் நீதான். அப்போதே கண்ணை நம்பாத பிள்ளை நீ.

திங்கட்கிழமை வெறுங்கையோடு போகாதே. எந்தத் திகதியில் எந்தப் பாசேஜ் என்று லாப் கொப்பியைப் பார்த்து ஒரு தாளில் எழுது. செல்களை உறையவைத்திருக்கும் நைதரசன் தாங்கியில் முந்திய பாசேஜ் எத்தனை இருக்கிறதென்று எண்ணு. மருந்து போட்டது, போடாதது இரண்டையும் ஒரே பாசேஜில் திரும்பச் செய்ய எத்தனை கிழமை பிடிக்கும் என்று கணக்குப் போடு. கொப்பியின் பழைய பக்கத்தைக் கிழிக்காதே. அருகில் திகதி போட்டு நடந்ததை எழுது. புரொபெசர் உன் ரிசல்ட் படத்தை மாநாட்டுக்குக் கொண்டுபோக முன்னம் சொல்லிவிடு. அதை நம்பி இன்னொரு லாப்பில் உன்னைப் போல ஒரு பிள்ளை மாதக்கணக்கில் மினக்கெடும்.

சொல்லிவிட்டு வெளியே வந்ததும் எடு. உனக்குக் காலை ஒன்பது என்றால் இங்கே பின்னேரம் ஆறரை. விளக்கு வைத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

அம்மா