அந்த ஒரு அறையைத் திருப்பித் தாருங்கள்

மனநலத்துக்கும் போதைப்பழக்கச் சிகிச்சைக்கும் பொறுப்பான ஒன்ராறியோ இணை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. நீங்கள் தமிழ் வாசிப்பவர். அப்புறம், இதை நம் சனமும் வாசிக்க வேண்டும். போதை மருந்து என்பது டவுன்ரவுனில் தெருவோரம் படுத்திருப்பவர்களின் பிரச்சினை, நம் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இன்னும் நம்புகிற சனம் அது.

2024 ஆகஸ்டில் உங்கள் அரசு எடுத்த முடிவை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் 200 மீட்டருக்குள் இருந்த பத்துக் கண்காணிப்பு நிலையங்களை, அதாவது போதை மருந்து எடுப்பவர்களைத் தாதியர் பக்கத்தில் நின்று கவனிக்கும் இடங்களை, 2025 மார்ச் இறுதிக்குள் மூடச் சொன்னீர்கள். ஒன்பது நிலையங்கள் ‘ஹார்ட்’ (HART) என்ற, வீடற்றோருக்கும் போதைப்பழக்கம் உள்ளோருக்குமான சிகிச்சை மையங்களாக மாறின. அங்கே ஆலோசனை உண்டு, சிகிச்சைக்கு வழிகாட்டல் உண்டு, வீடு தேட உதவி உண்டு. அவற்றையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் மருந்தை ஏற்றும்போது பக்கத்தில் தாதி நின்று பார்க்கும் அறை மட்டும் அங்கே இல்லை. சுத்தமான ஊசி கொடுக்கவும் அனுமதி இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்த அறையை ஹார்ட் மையங்களுக்குள் திருப்பித் தாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். மகன் சிகிச்சைக்குப் போய், பல வாரங்கள் எதையும் தொடாமல் இருந்து வீடு திரும்பியிருந்தான். ஒருநாள் இரவு பேஸ்மென்டிலிருந்து பெரிய குறட்டைச் சத்தம் கேட்டிருக்கிறது. பிள்ளை கனநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்து, எழுப்பிவிடக் கூடாதே என்று மெல்லக் கதவைச் சாத்திவிட்டு மேலே வந்துவிட்டார். அது தூக்கம் இல்லை. ஹெரோயின், ஃபென்டனைல் போன்ற ஓபியாய்டு மருந்துகளின் அளவு மீறும்போது மூச்சு மெதுவாகி, தொண்டை தளர்ந்து வரும் சத்தம் அப்படித்தான் கேட்கும். தாதிக்கு அது தெரியும். அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? செத்தவீட்டில் கேட்டவர்களுக்கு மாரடைப்பு என்று சொன்னார்கள். நாங்களும் தலையாட்டினோம்.

சிகிச்சையை மட்டும் வைத்துக்கொண்டு அறையை எடுத்துவிட்டதில் எனக்குள்ள பெரிய பயம் இதுதான். சில வாரங்கள் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு வழக்கமாக எடுத்த அளவே இப்போது கொன்றுவிடும். சிகிச்சை முடித்து வந்தவர், சிறையிலிருந்து வந்தவர், நிறுத்திப் பார்த்துத் தோற்றவர் என்று மிக ஆபத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான். ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்குவது இந்த நோயில் சர்வசாதாரணம் என்பது உங்கள் துறையிலுள்ள எந்த வைத்தியருக்கும் தெரியும். அப்படியிருக்க, விழுந்தவனுக்கு நீங்கள் விட்டுவைத்த இடம் எது? பூட்டிய பேஸ்மென்ட், கோப்பிக்கடைக் கழிப்பறை, நூலகப் படிக்கட்டு. நோயாளி திருந்தும் வரை உயிரோடு இருந்தால்தானே உங்கள் சிகிச்சைக்கு ஆள் வரும்?

ஓபியாய்டை முறிக்கும் நலொக்சோன் பார்மசியில் இலவசமாகக் கிடைக்கிறதே என்பீர்கள். உண்மை, நல்ல திட்டம், என் பையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் தனியாக இருப்பவர் தன் மூக்கில் தானே அதை அடித்துக்கொள்ள முடியாது. அம்புலன்சை அழைப்பவர்மேல் போதை மருந்து வைத்திருந்த குற்றம் சாட்டக் கூடாது என்று 2017இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. அதற்கும் அழைக்க ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. இப்போது ரொறன்ரோவில் விற்கும் ஃபென்டனைலில் மெடிட்டோமிடின் என்ற கால்நடை மயக்க மருந்தும் கலந்து வருகிறது. நலொக்சோன் அதை முறிக்காது. மூச்சுத் திரும்பினாலும் ஆள் எழும்பமாட்டார், இதயத் துடிப்பும் விழும். அப்போது தேவை ஒட்சிசன், நாடி பார்க்கும் கை, பக்கத்தில் இருந்து கவனிக்கும் ஒருவர். இந்த மூன்றும்தான் அந்த அறையில் இருந்தன.

புதிய கண்டுபிடிப்பு எதையும் நான் கேட்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் 1986இலேயே இப்படி ஒரு அறை இருந்தது. வன்கூவரில் இன்சைட் என்ற இதே மாதிரி நிலையம் 2003இல் திறந்தது. அதை மூட முயன்ற மத்திய அரசுக்கு எதிராக 2011இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இங்கே 2023இல் மட்டும் ஒன்ராறியோவில் ஓபியாய்டால் இறந்தவர்கள் ஏறத்தாழ 2,600 பேர். அடுத்த ஆண்டில் அந்த எண்ணிக்கை குறைந்தது, சந்தோஷம். குறைந்த பிறகும் 2,000க்கு மேல்.

நிலையங்களை மூடுவதால் யாரும் சாகப்போவதில்லை என்று 2024இல் முடிவை அறிவித்தபோது சுகாதார அமைச்சர் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில், சரியான திட்டமிடலும் தாக்க ஆய்வும் கலந்தாலோசனையும் இல்லாமல் எடுத்த முடிவு என்று உங்கள் மாகாணத்தின் கணக்காய்வாளர் நாயகமே அறிக்கை வைத்தார். நீங்கள் அந்த மாதமே சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டீர்கள். இனி ஒரு நகர சபை இப்படி ஒரு அறைக்குத் தானாக விரும்பி மத்திய அரசிடம் அனுமதி கேட்பதென்றாலும் முதலில் மாகாண அமைச்சர் சம்மதிக்க வேண்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு என்றீர்கள். சரி. அறிவிப்பு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, மூலைக் கடைகளில் பியரும் வைனும் விற்க அனுமதித்தீர்கள். அதைச் சீக்கிரம் கொண்டுவர பியர் ஸ்டோர் என்ற மதுக்கடை நிறுவனத்துக்கு 225 மில்லியன் டொலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் சிப்ஸ் வாங்க நுழையும் கடைகள் அவை. அங்கே 200 மீட்டர் நாடாவை யாரும் நீட்டிப் பார்க்கவில்லை. குடியால் எங்கள் வீடுகளில் நடப்பதை எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது, விடுங்கள்.

அயலவர்களின் கோபத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2023 ஜூலையில் ரொறன்ரோவின் லெஸ்லிவில் பகுதியில் இருந்த நிலையத்துக்கு அருகே, வழியால் போன ஒரு தாய் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பூங்காவில் ஊசி கிடந்தால் எந்தப் பெற்றோருக்கும் வயிறு கலங்கும். அதற்குக் காவல் போடுங்கள், வாசலில் விற்பவனைப் பிடியுங்கள், 200 மீட்டர் கட்டாயம் என்றால் 201ஆவது மீட்டரில் இடம் தாருங்கள். அறைக்குள் இருக்கும்போது ஊசி அறைக்குள்தான் கிடக்கும். அறையை மூடினால் அது எங்கே போகும் என்பதையும் அந்தப் பெற்றோரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடி பணிவோடு கேட்கிறேன்: ஹார்ட் மையங்களில் கண்காணிப்பு அறையையும் ஊசி வழங்கலையும் அனுமதியுங்கள். எல்லா மையத்திலும் உடனே முடியாது என்றால், முன்பு அந்த அறை இருந்து ஊழியர்களுக்குப் பயிற்சியும் உள்ள மையங்களில் முதலில் தொடங்குங்கள். தாமாக அனுமதி கேட்க விரும்பும் நகர சபைகளுக்குக் குறுக்கே நிற்காதீர்கள்.

பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் பரவாயில்லை. முடியாது என்றால், ஏன் முடியாது என்ற காரணம் மட்டும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாக்காளர்